வெண்குறுமீன் ஆய்வில் இறங்குபவர்களுக்கு: பெரும் வான்கணக்கெடுப்புத் தரவை வைத்து வேலை தொடங்கும் வழி

சிலியில் உள்ள வெரா ரூபின் ஆய்வகத்தின் எல்எஸ்எஸ்டி என்ற வான்கணக்கெடுப்பு முடியும்போது நமக்குத் தெரிந்த வெண்குறுமீன்களின் எண்ணிக்கை லட்சங்களைத் தாண்டிக் கோடிக்குப் போகும். அதைக் கேட்டுத்தான் பலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். வந்தபின் இயற்பியலைவிட மற்ற விஷயங்களில்தான் மாதங்கள் கழிகின்றன. எந்தத் தரவைத் தொட நமக்கு உரிமை உண்டு, எந்தப் பட்டியலில் தொடங்குவது, விண்மீன் ஏன் பட்டியலில் காணாமல் போகிறது, விண்ணப்பத்தை எப்போது அனுப்புவது என்று எல்லாவற்றையும் அங்கங்கே கேட்டுக் கேட்டுத்தான் நானும் சேர்த்தேன். வரிசையாக எழுதிய ஒரு குறிப்பு கையில் இருந்திருந்தால் அந்த அலைச்சல் பாதியாகியிருக்கும். உங்களுக்காவது அது கிடைக்கட்டும்.

முதுகலை மாணவர், ஆராய்ச்சியை இப்போதுதான் தொடங்குபவர், பைத்தான் ஓரளவு எழுதத் தெரிந்த ஆர்வலர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். வெண்குறுமீன் என்றால் என்ன என்பது தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். சூரியனைப் போல சுமார் 8 மடங்கு வரை நிறை கொண்ட விண்மீன்கள் எரிபொருள் தீர்ந்தபின் விட்டுப்போகும் உள்ளகம் அது. பூமி அளவு, சூரியனில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான நிறை. உள்ளே எரிவதற்கு ஏதுமில்லை, ஆறிக்கொண்டே இருக்கும்.

1. கேள்வியை முடிவு செய்யுங்கள், தரவு அப்புறம்

எல்எஸ்எஸ்டி தரவு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று உட்காராதீர்கள். இப்போது கையில் இருக்கும் கயா செயற்கைக்கோள் (விண்மீன்களின் இடம், தூரம், நகர்வை அளந்த ஐரோப்பியக் கருவி) தரவிலேயே முழு வேலையையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். புதிய தரவு வரும் நாளில் அட்டவணையை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கணக்கு போடுங்கள். சுமார் 10,000 கெல்வின் வெப்பமுள்ள வழக்கமான வெண்குறுமீனின் தனிப் பொலிவெண் (10 பார்செக், அதாவது சுமார் 32.6 ஒளியாண்டு தூரத்தில் வைத்தால் தெரியும் பொலிவு) 12 அளவில் இருக்கும். கயாவின் எல்லை ஏறத்தாழ 20.7. அதாவது சுமார் 550 பார்செக் தூரம் வரை அதைக் காண முடியும். ரூபினின் ஒற்றைப் படம் ஆர் (சிவப்பு) வடிகட்டியில் 24.5 வரை போகும் என்று வைத்தால் அதே விண்மீனை 3,000 பார்செக்குக்கு அப்பாலும் பிடிக்கலாம். நன்றாக ஆறிப்போன, தனிப் பொலிவெண் 16 உள்ள ஒன்றுக்குக் கயாவில் 90 பார்செக்கைத் தொடுவதே கடினம். ரூபினில் 500 பார்செக் வரை போகும். (பொலிவெண் கூடக் கூட விண்மீன் மங்கல் என்பதை மறக்க வேண்டாம். இடையில் உள்ள தூசியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 24ஆம் பொலிவெண்ணில் உள்ள விண்மீனுக்கு நிறமாலை (நிறம் நிறமாகப் பிரித்த ஒளி) எடுப்பது 8 மீட்டர், 10 மீட்டர் தொலைநோக்கிகளுக்கே பெரும்பாடு. 4 மீட்டர் தொலைநோக்கிகளில் இழை ஒளியியல் கருவி வைத்து நடக்கும் கணக்கெடுப்புகள் 20ஐச் சுற்றி நின்றுவிடும். ஆக, ரூபின் தரும் வெண்குறுமீன்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறமாலை கிடைக்கப் போவதே இல்லை. நிறம், நகர்வு, பொலிவு மாற்றம் இந்த மூன்றை மட்டும் வைத்து விடை காணக்கூடிய கேள்வியாக இருந்தால் ரூபின் பக்கம் போங்கள். விண்மீனின் மேற்பரப்பில் என்ன உலோகம் விழுந்திருக்கிறது, காந்தப்புலம் எவ்வளவு என்பதுதான் ஆர்வம் என்றால் பொலிவான விண்மீன்களோடும் நிறமாலைக் கணக்கெடுப்புகளோடும் இருப்பதே நல்லது. புதியவர்கள் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பால்வெளியின் மெல்லிய தட்டு, தடித்த தட்டு, ஒளிவட்டம் (தட்டைச் சூழ்ந்த பழைய விண்மீன்களின் கோளம்) ஆகியவற்றின் வயதை ஆறிப்போன வெண்குறுமீன்களின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடுவது ரூபினுக்கே உரிய வேலை. ஒளிவட்டத்தைச் சேர்ந்தவை வேகமாக நகரும், ஆனால் மிக மங்கலானவை. கயாவில் குறைவாகவே கிடைக்கின்றன.

2. எந்தத் தரவு யாருக்கு, எப்போது

இதைத் தெரியாமல் திட்டம் எழுதினால் திட்டமே வீணாகும்.

கயா: உலகில் யாரும் இலவசமாக எடுக்கலாம். இப்போது புழக்கத்தில் இருப்பது 2022 ஜூனில் வந்த மூன்றாம் வெளியீடு. செயற்கைக்கோள் 2025 ஜனவரியில் அறிவியல் பதிவுகளை நிறுத்திவிட்டது. நான்காம் வெளியீடு 2026 டிசம்பருக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. மூன்றாம் வெளியீட்டில் 34 மாதப் பதிவுகள், நான்காவதில் 66 மாதம். ஒவ்வொரு முறை பார்த்தபோதும் பதிவான அளவுகளும் அதில் தனித்தனியே வரும். இரட்டை விண்மீன்களையும் துடிக்கும் வெண்குறுமீன்களையும் தேடுபவர்களுக்கு இது பெரிய வரவு.

ரூபின்: சிலி நாட்டின் செர்ரோ பச்சோன் மலையில் 8.4 மீட்டர் ஆடி, 3.2 கிகாபிக்சல் கேமரா, 6 வடிகட்டிகள், 10 ஆண்டுக் கணக்கெடுப்பு. வானத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஏறத்தாழ 800 முறை படமெடுக்கும். ஆனால் இந்தத் தரவு எல்லோருக்கும் உடனே திறந்திருக்காது. அமெரிக்கா, சிலி ஆகிய நாடுகளின் ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கும், திட்டத்துக்குப் பங்களிப்பு செய்து உரிமை பெற்ற மற்ற நாட்டுக் குழுக்களின் பெயர்ப் பட்டியலில் இருப்பவர்களுக்கும்தான் உரிமை. மற்றவர்கள் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 2 ஆண்டு காத்திருக்க வேண்டும். முதல் முன்னோட்டத் தரவு 2025 ஜூன் 30 அன்று வந்தது. அதற்கும் இதே விதிதான்.

உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். நிறுவன மின்னஞ்சலும் நிறுவனத்தில் இருப்பதற்கான சான்றும் தேவைப்படும். கணக்கு திறக்க விண்ணப்பித்த உடனே கிடைத்துவிடாது. வேலை தொடங்குவதற்குப் போதிய வாரங்கள் முன்பே அனுப்பி வையுங்கள். நிறுவனம் மாறினால் உரிமையும் மாறலாம்.

இன்னொரு பொறி: உரிமை உள்ளவர், உரிமை இல்லாத கூட்டாளியிடம் தரவை அப்படியே கொடுக்கக் கூடாது. அதிலிருந்து நீங்கள் வருவித்த முடிவுகளை, மூலத் தரவை மறுபடி உருவாக்க முடியாத வடிவில் இருந்தால், பகிரலாம். கட்டுரையின் இணை ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நட்பு கெடாமல் இருக்கும்.

உரிமை இல்லாதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். ரூபினின் அலர்ட்டுகள், அதாவது வானில் ஏதோ மாறியது என்ற உடனடி அறிவிப்புகள், எல்லோருக்கும் பொது. லசேர், ஃபிங்க், அலெர்ஸ் போன்ற தரகு மென்பொருள் சேவைகள் அவற்றை வடிகட்டித் தருகின்றன. அவற்றில் பணம் கட்டாமல் கணக்கு திறக்கலாம், இசட்டிஎஃப் என்ற வடவானக் கணக்கெடுப்பின் அலர்ட்டுகளை வைத்துப் பழகலாம். நாசாவின் ரோமன் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுக்குத் தனியுரிமைக் காலமே கிடையாது. அது அகச்சிவப்புக் கருவி என்பதால் வெண்குறுமீனைவிட அதைச் சுற்றும் பழுப்புக் குறுமீனையும் (விண்மீனாக ஒளிர நிறை போதாத பொருள்) தூசித்தட்டையும் தேடுபவர்களுக்கே அதிகம் உதவும்.

வானத்தின் எந்தப் பாதி என்பதையும் பாருங்கள். ரூபின் பெரும்பாலும் தென்வானம். இசட்டிஎஃப், தேசி (நிறமாலைக் கணக்கெடுப்பு) ஆகியவை வடவானம். இரண்டும் சேர்வது வான நடுவரையை ஒட்டிய பட்டையில்தான். தென்வானத்தில் நிறமாலை வேண்டும் என்றால் ஃபோர்மோஸ்ட் என்ற கணக்கெடுப்பின் பக்கம் போக வேண்டும். எஸ்டிஎஸ்எஸ் கணக்கெடுப்பின் ஐந்தாம் கட்டம் இரு பாதியையும் தொடுகிறது.

3. முதல் பட்டியலை எடுங்கள்

2021இல் கயா தரவிலிருந்து உருவாக்கப்பட்ட வெண்குறுமீன் பட்டியல்தான் இன்று எல்லோரும் தொடங்கும் இடம். அதில் சுமார் 12.8 லட்சம் விண்மீன்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 3,59,000 மட்டுமே நம்பகமானவை. ஒவ்வொன்றுக்கும் வெண்குறுமீனாக இருப்பதற்கான நிகழ்தகவு கொடுத்திருப்பார்கள். 0.75க்கு மேல் இருப்பவைதான் அந்த 3,59,000. முழுப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு எல்லாமே வெண்குறுமீன் என்று நினைத்துவிடாதீர்கள். விசியர் என்ற வான்பட்டியல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். டாப்கேட் என்ற அட்டவணை மென்பொருளில் சாதாரண மடிக்கணினியிலேயே திறக்கும்.

சரி, இங்கே மூன்று பொறிகள். மூன்றும் சத்தமில்லாமல் கெடுப்பவை.

ஒன்று, வரிசை வரம்பு. பைத்தானில் ஆஸ்ட்ரோக்வெரி தொகுப்பு வழியாக விசியரிடம் கேட்டால், நீங்கள் மாற்றாதவரை முதல் 50 வரிசைதான் வரும். கயா காப்பகத்தில் உடனடி முறையில் கேட்டால் 2,000 வரிசையோடு நின்றுவிடும். பிழைச் செய்தி கண்ணில் படாது. பட்டியல் சரியாக வந்ததுபோலவே இருக்கும். எப்போதும் முதலில் எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள், பிறகு தரவை எடுங்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெரிய கேள்விகளுக்கு ஒத்திவைப்பு முறையை (கேள்வி பின்னணியில் ஓடி, விடை பிறகு வரும்) பயன்படுத்துங்கள். பதிவு செய்யாதவருக்கு அதிலும் 30 லட்சம் வரிசை வரம்பு உண்டு. பதிவு இலவசம் என்பதால் செய்துவிடுங்கள்.

இரண்டு, அடையாள எண். கயா ஒவ்வொரு விண்மீனுக்கும் 19 இலக்கம் வரை நீளும் எண் கொடுக்கிறது. அட்டவணையை எக்செல் போன்ற விரிதாளில் திறந்து சேமித்தால் 15 இலக்கத்துக்குப் பின் எல்லாம் சுழியாகிவிடும். பைத்தானிலும் அந்த நெடுவரிசையைத் தசம எண்ணாகப் படித்தால் இதே கதிதான். முழு எண்ணாகவோ எழுத்துச் சரமாகவோ மட்டும் வையுங்கள். விரிதாள் பக்கமே போக வேண்டாம்.

மூன்று, தூரம். இடமாறு தோற்ற (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் கோண) அளவின் தலைகீழைத் தூரம் என்று எடுத்துக்கொள்ள, பிழை சிறிதாக இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் கவலையில்லை. ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தத் தலைகீழ் தவறான விடை தரும். மங்கலான விண்மீன்களில் பெரும்பாலும் தாண்டும்.

பட்டியலில் இல்லாதவற்றையும் நினைவில் வையுங்கள். சாதாரண விண்மீனோடு நெருங்கிச் சுற்றும் வெண்குறுமீன், நிறம்–பொலிவு வரைபடத்தில் சாதாரண விண்மீன் வரிசைக்கும் வெண்குறுமீன் வரிசைக்கும் நடுவே விழும். பட்டியல் தயாரிப்பில் அவை நழுவிவிடுகின்றன. இரட்டைகளின் பங்கைக் கணக்கிடப் போகிறீர்கள் என்றால் இந்தப் பட்டியலிலிருந்து நேராகக் கணக்கிட முடியாது.

4. பட்டியல்களைப் பொருத்துதல்: இங்கேதான் அதிகம் தொலைகிறது

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இது.

வெண்குறுமீன்கள் மங்கலானவை. நமக்குத் தெரிபவை அருகில் இருப்பவை. அருகில் இருப்பவை வானில் வேகமாக நகரும். கயா தரும் இடம் 2016ஆம் ஆண்டுக்கானது. ஆண்டுக்கு 0.1 வில்விநாடி (1 வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) நகரும் சாதாரண வெண்குறுமீன் 2030இல் 1.4 வில்விநாடி தள்ளி இருக்கும். நீங்கள் 1 வில்விநாடி வட்டத்தில் தேடினால் கிடைக்காது. 1950களில் எடுத்த பலோமார் படத் தகடுகளோடு பொருத்தினால் 6 வில்விநாடிக்கும் மேல் தள்ளிப் போயிருக்கும். அருகிலுள்ள வெண்குறுமீனான வான் மானன் விண்மீன் போன்றவை ஆண்டுக்கு 3 வில்விநாடி ஓடுகின்றன. 2000ஐ ஒட்டி எடுத்த அகச்சிவப்புப் பட்டியலில் அது முக்கால் வில்நிமிடம் தள்ளி இருக்கும்.

தேடும் வட்டத்தைப் பெரிதாக்கினால் போதும் என்று தோன்றும். பெரிதாக்கினால் பின்னால் இருக்கும் வேறு விண்மீனோ விண்மீன் மண்டலமோ ஒட்டிக்கொள்ளும். சரியான வழி, ஒவ்வொரு விண்மீனின் இடத்தையும் அதன் சொந்த இயக்கத்தை வைத்து மற்றப் பட்டியலின் ஆண்டுக்கு நகர்த்திவிட்டு, சிறிய வட்டத்தில் தேடுவது. ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் தொகுப்பில் இதற்கு ஆயத்தச் செயல்கூறு இருக்கிறது. இதைச் செய்யாவிட்டால் பட்டியலிலிருந்து விழுபவை வேகமானவை. வேகமானவை என்றால் மிக அருகில் இருப்பவை, அல்லது ஒளிவட்டத்தைச் சேர்ந்த பழையவை. எதைத் தேடி வந்தோமோ அதையே வாசலில் விட்டுவிட்டு வந்ததாக ஆகிவிடும்.

வல ஏற்ற (வானின் கிழக்கு–மேற்கு) திசையிலான நகர்வில் நடுவரை விலக்கத்தின் (வடக்கு–தெற்குக் கோணத்தின்) கொசைன் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கிறதா என்று நெடுவரிசை விளக்கத்தைப் படியுங்கள். கயாவில் பெருக்கப்பட்டே இருக்கும். இன்னொரு முறை பெருக்கினாலும், வகுக்க வேண்டிய இடத்தில் விட்டாலும் துருவத்தை நெருங்க நெருங்கப் பிழை வளரும்.

அகச்சிவப்பில் கூடுதல் ஒளி தெரிகிறது, தூசித்தட்டு இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன் படத்தைக் கண்ணால் பாருங்கள். அகச்சிவப்பில் வானைப் படமெடுத்த வைஸ் செயற்கைக்கோளின் கூர்மை 6 வில்விநாடிதான். பக்கத்தில் ஒரு மங்கலான விண்மீன் மண்டலம் இருந்தால் அதன் ஒளியும் கலந்துவிடும். வான்படம் காட்டும் அலாதின் மென்பொருளில் கூர்மையான ஒளியியல் படத்தை மேலே போட்டுப் பார்த்தால் பாதி சந்தேகம் தீரும். பொலிவு மாற்றத்தைத் தொடர்ந்து பதியும் டெஸ் செயற்கைக்கோளில் நிலைமை இன்னும் மோசம். ஒரு பிக்சலே 21 வில்விநாடி. துடிப்பு எந்த விண்மீனிலிருந்து வருகிறது என்று நிரூபிக்காமல் எதையும் எழுதாதீர்கள்.

இந்தக் கண்ணால் பார்க்கும் வேலையை அலட்சியம் செய்ய வேண்டாம். 145 ஒளியாண்டு தூரத்தில், சுமார் 300 கோடி ஆண்டு பழைய வெண்குறுமீன் ஒன்றைச் சுற்றித் தூசி இருப்பதை 2018இல் கண்டுபிடித்தவர் பொதுமக்கள் பங்கேற்கும் பேக்யார்ட் வேர்ல்ட்ஸ் திட்டத்தில் பழுப்புக் குறுமீன்களைத் தேடி, வைஸ் தரவைப் பார்த்த ஒரு தன்னார்வலர். தொலைநோக்கி நேரமும் பட்டமும் இல்லாதவர்களுக்கும் இந்தத் துறையில் உண்மையான இடம் இருக்கிறது.

கயாவுக்கு எட்டாத மங்கலில் இடமாறு தோற்றம் கைகொடுக்காது. அங்கே நிறத்தையும் நகர்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொலிவெண்ணோடு நகர்வின் மடக்கையை 5 மடங்காக்கிச் சேர்த்தால் வரும் எண்ணில் வெண்குறுமீன்கள் தனியே பிரிந்து நிற்கும். குவேசார்கள் (மிகத் தொலைவில் உள்ள பொலிவான விண்மீன் மண்டல மையங்கள்) நீல நிறத்தில் இருந்தாலும் நகராது, அதனால் விலகிவிடும். ரூபினின் நகர்வு அளவுகள் ஆண்டுகள் சேரச் சேரத்தான் கூர்மையாகும். முதல் ஆண்டுத் தரவை வைத்து மங்கலான ஒளிவட்ட வெண்குறுமீன்களைப் பிரிக்க முயல்வது வீண் வேலை.

5. வெப்பநிலை, நிறை, வயது

ஆறுதல் மாதிரிகளும் வளிமண்டல மாதிரிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. மான்ட்ரியால் குழுவின் அட்டவணைகள் எல்லோரும் பயன்படுத்துபவை. அதே பெயரில் ஒரு வெண்குறுமீன் தரவுத்தளமும் உண்டு. ஒரு விண்மீனுக்கு இதுவரை யார் என்ன அளவிட்டார்கள் என்று அங்கே பார்த்துவிடுங்கள். டபிள்யூடிஃபோட்டூல்ஸ் என்ற திறந்த மூலப் பைத்தான் தொகுப்பு பொருத்தும் வேலையைச் செய்து தரும்.

மேற்பரப்பு ஹைட்ரஜனா ஹீலியமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் வெப்பநிலையும் நிறையும் தவறும். யு வடிகட்டி (புற ஊதாவை ஒட்டிய ஒளி) இங்கே பெரிய உதவி. ஹைட்ரஜன் மேற்பரப்பு உள்ளவற்றில் புற ஊதா ஓரத்தில் ஒளி சட்டென்று குறையும், ஹீலியத்தில் அப்படிக் குறையாது. ரூபினில் யு உண்டு என்பது நமக்கு நல்லது. ஆனால் 800 முறையில் யுவுக்குக் கிடைப்பது சிறு பங்குதான் என்பதால், மங்கலானவற்றுக்குச் சில ஆண்டுகள் சேர்ந்த பிறகே அதை நம்பலாம்.

6,000 கெல்வினுக்குக் கீழே ஒளியளவியல் (வடிகட்டிகளில் அளந்த பொலிவுகள்) மட்டும் வைத்துக் கணக்கிட்டால் நிறை வழக்கத்தைவிடக் குறைவாக வருகிறது. இது மாதிரிகளில் உள்ள சிக்கல், துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. புதுவகை இலேசான வெண்குறுமீன்களைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கட்டுரை எழுதிவிடாதீர்கள். அதேபோல நிறம்–பொலிவு வரைபடத்தில் வெண்குறுமீன் வரிசைக்கு 0.75 பொலிவெண் மேலே நிற்பது பெரும்பாலும் பிரித்துப் பார்க்க முடியாத இரட்டை. அதைத் தனி விண்மீனாகக் கணக்கிட்டால் நிறை பொய்யாகக் குறையும்.

மாதிரி தருவது ஆறிய காலம் மட்டுமே. மொத்த வயது வேண்டும் என்றால் அதற்கு முன் சாதாரண விண்மீனாக வாழ்ந்த காலத்தையும் கூட்ட வேண்டும். சூரியனில் 0.6 மடங்கு நிறை உள்ளவற்றில் அந்த முற்காலம் பல நூறு கோடி ஆண்டு பிழையோடு வரும். 0.8க்கு மேல் என்றால் முற்காலம் குறைவு, மொத்த வயது நம்பகமானது. வயது சார்ந்த கேள்விக்குக் கனமான வெண்குறுமீன்களைத் தேர்ந்தெடுங்கள். 0.45க்குக் கீழே வந்தால் அது இரட்டையில் உருவானது. தனி விண்மீன் அந்த நிலைக்கு வர அண்டத்தின் வயது போதாது.

6. காலத்தோடு மாறுபவை

கோள் மறைப்பு தேடுபவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். டபிள்யூடி 1856 என்ற வெண்குறுமீனைச் சுற்றும் பெரிய பொருளொன்று 1.4 நாளுக்கு ஒருமுறை அதை 8 நிமிடம் மறைக்கிறது. பாதிக்கு மேல் ஒளி போய்விடும் என்றாலும், மறைப்பு நடக்கும் நேரம் மொத்தத்தில் 0.4 சதவீதம்தான். அதேபோன்ற ஒன்றை ரூபின் 800 முறை பார்த்தால் ஏறத்தாழ 3 படத்தில் மறைப்பு விழும். அந்த 3 புள்ளிகளைக் கெட்ட தரவு என்று உங்கள் மென்பொருளே தூக்கி எறிந்துவிடலாம். எனவே விலகி நிற்கும் புள்ளிகளை நீக்கும் வழக்கமான படியை இந்தத் தேடலில் போடவே கூடாது. மங்கும் புள்ளிகளைத் தனியே சேர்த்து, படத்தைப் பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள். உறுதிப்படுத்த வேறு தொலைநோக்கியில் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

அலர்ட்டுகளில் இன்னொரு தொல்லை. பழைய படத்தைப் புதியதிலிருந்து கழித்துத்தான் மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். வேகமாக நகரும் விண்மீன் கழித்தபின் ஒரு பக்கம் பொலிவும் மறுபக்கம் குழியுமாகத் தெரியும், அலர்ட்டும் வரும். நம் விண்மீன்களோ வேகமானவை. வடிகட்டி எழுதும்போதே இந்த இரட்டை வடிவத்தை விலக்கிவிடுங்கள்.

நேரத்தைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றாமல் எதையும் சுழற்சிக் காலத்தின்படி மடிக்காதீர்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி வந்து சேரும் நேரம் ஆண்டு முழுக்க 8.3 நிமிடம் வரை முன்னும் பின்னும் தள்ளும். இசட்டிஎஃப் கண்டுபிடித்த ஒரு வெண்குறுமீன் இரட்டை 6.91 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. நேரத்தைத் திருத்தாமல் விட்டால் அதன் மறைப்புகள் முழுவதுமாகக் கரைந்துபோகும். இப்படிப்பட்ட இரட்டைகள் 2035இல் ஏவத் திட்டமிட்டுள்ள லீசா ஈர்ப்பலைக் கருவிக்கு முன்கூட்டியே தெரிந்த மூலங்களாக இருக்கும் என்பதால், இவற்றைத் தேடுவது இப்போது மிகப் பயனுள்ள வேலை.

தரையிலிருந்து எடுத்த தரவில் 1 நாள், அரை நாள் காலம் கிடைத்தால் நம்பாதீர்கள். அது இரவு பகலின் தாளம்.

7. நிறமாலை: முதலில் காப்பகம், பிறகு விண்ணப்பம்

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் எஸ்டிஎஸ்எஸ், 2025 மார்ச்சில் பொதுவில் வந்த தேசி முதல் வெளியீடு, கயாவின் குறைந்த பகுதிறன் (நுண்விவரம் குறைந்த) நிறமாலைகள் ஆகியவற்றில் உங்கள் விண்மீன் இருக்கிறதா என்று பாருங்கள். கயா மூன்றாம் வெளியீட்டில் சுமார் 22 கோடி பொருள்களுக்குக் குறைந்த பகுதிறன் நிறமாலை இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் நிறமாலைக்கு நேரம் கேட்டால் மதிப்பீட்டாளர் முதல் பத்தியிலேயே விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவார்.

பல ஆய்வகங்கள் ஆண்டுக்கு இருமுறை விண்ணப்பம் வாங்குகின்றன. கடைசி நாளிலிருந்து உண்மையில் பதிவு நடக்கும் நாள் வரை அரை ஆண்டுக்கு மேல் ஆகலாம். வானிலை கெட்டால் அடுத்த பருவம். உங்கள் உதவித்தொகைக் காலம் அதற்கு இடம் தருகிறதா என்று கணக்கிடுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பதிவு நடக்கும் ஆண்டுக்கு நகர்த்திய இடக்குறிகள், அடையாளப் படம், ஆய்வகத்தின் கணிப்பானில் போட்ட பதிவு நேரம், எவ்வளவு நிலவொளி தாங்கும், ஏன் இத்தனை விண்மீன் போதும் என்பதற்கான காரணம், காப்பகத்தில் ஏன் இல்லை என்ற ஒரு பத்தி. மங்கலான நீல விண்மீனுக்கு நிலா இல்லாத இரவு வேண்டும், அதற்குப் போட்டி அதிகம். நிலா கொஞ்சம் இருந்தாலும் முடியும் என்று காட்ட முடிந்தால் வாய்ப்புக் கூடும்.

இப்போது பெரிய ஆய்வகங்கள் பலவற்றில் பெயர் மறைத்த மதிப்பீடு. "எங்கள் முந்தைய கட்டுரையில் காட்டியபடி" என்ற ஒரு வரி போதும், விதிமீறலாகிவிடும். விதித்தாளை எழுதத் தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

8. செலவு

பெரும்பாலானது இலவசம். கயா, இசட்டிஎஃப், எஸ்டிஎஸ்எஸ், தேசி வெளியீடுகள், டெஸ், மேலே சொன்ன மென்பொருள்கள் எதற்கும் பணம் இல்லை. ரூபின் தரவைத் தரவிறக்க நினைக்க வேண்டாம். அவர்களுடைய இணைய மேடையிலேயே நிரல் எழுதி ஓட்ட வேண்டும், உரிமை உள்ளவருக்கு அதற்கும் கட்டணமில்லை. அதனால் விலையுயர்ந்த கணினி வாங்கும் அவசரம் வேண்டாம். நிலையான இணைய இணைப்பும் 16 ஜிபி நினைவகமும் உள்ள மடிக்கணினியும் நெடுநாள் போதும்.

தகுதி அடிப்படையில் கிடைக்கும் தொலைநோக்கி நேரத்துக்குப் பணம் கேட்பதில்லை. நேரில் போய்ப் பதிவு செய்ய வேண்டியிருந்தால் பயணச் செலவு யாருடையது என்று முன்பே கேளுங்கள். உண்மையில் கைக்காசு போகும் இடம் வெளியீடு.

9. வெளியிடும்போது

வானியல் இதழ்கள் பல இப்போது ஆசிரியரிடம் கட்டணம் வாங்குகின்றன. எம்என்ஆர்ஏஎஸ் (பிரிட்டனின் ராயல் வானியல் கழக இதழ்) 2024 முதல் முழுத் திறந்த அணுக்க இதழ், கட்டணம் உண்டு. உங்கள் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறதா, கட்டண விலக்கு கேட்கலாமா என்பதைக் கட்டுரை அனுப்பும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள், ஏற்றுக்கொண்ட பின் கேட்டால் சிக்கல். கட்டணமே இல்லாத ஓபன் ஜர்னல் ஆஃப் அஸ்ட்ரோபிசிக்ஸும் இருக்கிறது, முறையான மதிப்பீடு உள்ள இதழ்தான். ஆர்க்சிவ் முன்பதிப்புத் தளத்தில் முதன்முறை ஏற்றுபவருக்கு ஏற்கெனவே அங்கே எழுதும் ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம். அதைக் கடைசி வாரத்தில் தேட வேண்டாம்.

ஒவ்வொரு கணக்கெடுப்பும் தன் நன்றியுரை வாசகத்தை அப்படியே சேர்க்கச் சொல்கிறது. தரவை எடுக்கும் அன்றைக்கே அந்த வாசகத்தை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். நிரலையும் இறுதி அட்டவணையையும் செனோடோ தரவுக் காப்பகத்தில் இலவசமாக ஏற்றி நிலையான அடையாளம் வாங்கலாம்.

அட்டவணையில் கயா எண்ணை எழுதும்போது எந்த வெளியீட்டின் எண் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெளியீடு மாறினால் அதே விண்மீனுக்கு எண் மாறக்கூடும். நான்காம் வெளியீடு வந்ததும் பழைய எண்களை நேராகப் போட்டுத் தேடாமல், கயா காப்பகம் தரும் எண் பொருத்த அட்டவணை வழியாகப் போங்கள். அந்த அட்டவணை ஒரு பழைய எண்ணுக்கு இரண்டு புதிய விண்மீன்களைக் காட்டினால், வானில் உள்ள கோண இடைவெளியோடு பொலிவெண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.